முருகன் என்பவரின் இடது குதிகால்

ஜனவரி 8

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குடல்புழு மாத்திரை விளம்பரம் இருக்கிறது. வீணாகக் கூடாதே என்று எழுதுகிறேன். மற்றபடி மனசைத் திறந்து கொட்டுகிற ஆள் நான் இல்லை.

பெயர் செ. பூதலிங்கம், வயது ஐம்பத்தாறு. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பதிவேட்டு எழுத்தர். முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஓ.பி. சீட்டுகூடத் தொலைத்ததில்லை. இன்று தோல் பிரிவு டாக்டர் பெனாசீர் கூப்பிட்டு அனுப்பினார். சென்னையில் ஒரு நிறுவனம் கம்ப்யூட்டரில் ஒரு தொகுப்பு செய்கிறதாம். தோலில் வருகிற ஒவ்வொரு புண், புள்ளி, தடிப்பையும் படம் எடுத்து, பக்கத்தில் விவரம் எழுதி, இன்ன நோய் என்று டாக்டர் முடிவு சொல்லிச் சேர்த்துவைக்க வேண்டும். பிற்பாடு கிராமத்து நர்ஸ் ஒருத்தி செல்போனில் படம் எடுத்து அனுப்பினால், அதே மாதிரி இருந்த பழைய படங்களை அது எடுத்துக் காட்டும். அவசரமா, அவசரமில்லையா என்றும் சொல்லும்.

"நம்ம பங்கு ஐந்நூறு கேஸ். படம் எடுக்க நான், பதிய நீங்க" என்றார் டாக்டர்.

கம்ப்யூட்டர் என்றாலும் பதிவேடு பதிவேடுதானே. சரி என்றேன்.

ஜனவரி 11

கட்டங்கள்: இடம், நிறம், அளவு, விளிம்பு, எத்தனை நாளாக. அளவை மில்லிமீட்டரில் எழுத வேண்டுமாம். நம் ஜனங்களிடம் போய் மில்லிமீட்டர் கேட்டால் என்ன நடக்கும்? இன்று வந்த பெரியவர் சொன்னார்: "மொதல்ல மொளவு கணக்கா இருந்துச்சு, தீவாளிக்கு முன்ன தொவரம்பருப்பு, இப்ப கொண்டக்கடல." இதைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்?

சாயங்காலம் என் மனைவி உலகம்மாளின் அடுக்களையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேலில் அளந்தேன். கடுகு 2, மிளகு 4, துவரம்பருப்பு 6, கொண்டைக்கடலை 9, புளியங்கொட்டை 14. ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரியில சமைக்கப் போறியளா?" என்றாள். அவளுக்கு விஞ்ஞானம் தெரியாது.

ஜனவரி 12

டாக்டர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு யோசித்து, தொகுப்பில் அதற்கென்று தனிக் கட்டம் போடச் சொல்லிவிட்டார். "கரும்புள்ளி துவரம்பருப்பைத் தாண்டினா கட்டாயம் பார்க்கணும். நர்ஸுங்களுக்கு இது நல்லாப் புரியும் பூதலிங்கம் சார்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஜனவரி 19

சென்னையிலிருந்து மிருணாளினி என்ற பெண் போனில் பேசினாள். மென்பொருள் எழுதுவது அவள்தான். இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக நின்றேன். ஒன்று, செல்போன் எண் இல்லாமல் எந்தப் பதிவும் ஏறக் கூடாது. இரண்டு, ஏறிய பதிவை யாராலும் அழிக்க முடியக் கூடாது.

"சார், எல்லாரும் டெலிட் பட்டன் கேப்பாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்களே?"

"பதிவேட்டில் பக்கம் கிழிக்கிறது என் சர்வீஸில் கிடையாதும்மா. தப்பு வந்தால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போடணும்."

எடுத்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்.

செருப்பு இடது குதிகாலில் உறுத்துகிறது. புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

ஜனவரி 30

மிருணாளினி பதறிப்போய்க் கூப்பிட்டாள். "சார், உங்க ஊர்ல புதுசா ஏதோ நோய் இருக்கு. செக்கச்செவேல்னு இருக்கு, விளிம்பு ஷார்ப்பா இருக்கு. ஒண்ணுல வால்கூட இருக்கு சார்!"

திறந்து பார்த்தேன். அது அக்கி. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் முதலில் பானை செய்கிற வேளாரிடம் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்வார்கள். சிங்கம்கூட வரைவார். அது கேட்காதபோதுதான் ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர் நோயை விட்டுவிட்டுச் சிங்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் காவிச் சட்டை போட்டவனுக்கெல்லாம் அக்கி என்று சொல்லும்.

'மேலே பூசியது' என்று புதுக் கட்டம் போட்டேன். ஒரே வாரத்தில் வந்தவை: செங்காவி, சுண்ணாம்பு, மஞ்சள், பற்பசை, பேனா மை, தேங்காய்ச் சிரட்டை சுட்ட எண்ணெய். ஒருவர் பேட்டரித் தண்ணீர் என்றார். அவரை டாக்டர் திட்டிய திட்டு மருந்துக் கவுன்டர் வரை கேட்டது.

பிப்ரவரி 12

இன்று மச்சங்கள். எது சாது, எது ஆபத்து என்று டாக்டர் சொல்லச் சொல்லத் தட்டினேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி, ஒரே நிறம், சிறு வயது முதல் அப்படியே இருந்தால் சாது. ஒரு பக்கம் கோணல், விளிம்பு கலைந்தது, இரண்டு மூன்று நிறம், பெரிய வயதில் புதிதாக வந்து வளர்வது என்றால் மெலனோமாவாக இருக்கலாம். அது ஒரு பொல்லாத புற்று.

"நம்ம ஆளுங்களுக்கு அது வெயில் படாத இடத்துலதான் அதிகம் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. உள்ளங்காலை யார் பார்க்கிறா? அங்கதான் கோட்டை விடுறோம்" என்றார்.

பிழையில்லாமல் தட்டி முடித்தேன்.

என் இடது குதிகாலுக்கு அடியிலும் ஒரு மச்சம் உண்டு. ஆனால் அது வேறு விஷயம். மூன்று வருடத்துக்கு முன்பு உலகம்மாள்தான் பார்த்தாள். அதே வாரம் எங்கள் மகள் நித்யா தோஹாவுக்கு விமானம் ஏறினாள். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டுகிற யோகம் என்று எல்லோருக்கும் தெரியும். உலகம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். ஆகவே அது யோக மச்சம். தொகுப்பில் அதற்குக் கட்டம் கிடையாது. மிளகளவுதான் இருக்கும்.

பிப்ரவரி 13

அளந்தேன். துவரம்பருப்பு அளவு. ரேஷனில் இப்போது பொடிப் பருப்பாகத்தான் போடுகிறார்கள்.

பிப்ரவரி 14

மளிகைக் கடையில் முதல் ரகப் பருப்பு வாங்கி அளந்தேன். அதுவும் பொடிதான். இந்த நாட்டில் எதிலும் கலப்படம்.

மார்ச் 4

இருநூற்று எண்பது கேஸ் ஆயிற்று. நித்யாவுக்கு ஜூலையில் பிரசவம். இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்கிறாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது.

"நான் சொல்லல? மச்சம் பெருசாவப் பெருசாவ யோகமும் பெருசாவுது" என்றாள் உலகம்மாள்.

வீட்டிலும் காலுறை போட ஆரம்பித்திருக்கிறேன். தரை குளிர்ச்சியாக இருக்கிறது.

(மார்ச் மாதம். வெளியே முட்டை பொரிக்கலாம். இருந்தாலும் தரை குளிர்ச்சிதான்.)

மார்ச் 20

ஒரு சின்ன வேலை செய்தேன். தொகுப்பு சரியாக வேலை பார்க்கிறதா என்று யாராவது சோதிக்க வேண்டுமே. டாக்டர் சாப்பிடப் போன நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு குதிகாலைப் படம் எடுத்து ஏற்றினேன். யாருடைய குதிகால் என்பது இங்கே முக்கியமில்லை. அளவுக்கு ஒரு துவரம்பருப்பு பக்கத்தில் வைத்தேன். பெயர் முருகன், ஊர் மேலக்கொத்தனூர். இரண்டும் வாய்க்கு வந்தவை. 'எத்தனை நாளாக' என்ற கட்டத்தில் இரண்டு மாதம் என்று போட்டேன். செல்போன் எண் இல்லாமல் ஏறமாட்டேன் என்றது. பத்து எண்களை மனம்போனபடி தட்டினேன்.

கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரை முழுக்கச் சிவப்பு. 'அவசரம். நிபுணருக்குத் தகவல் அனுப்பப்பட்டது.'

அழிக்கலாம் என்று பார்த்தால் பட்டன் இல்லை.

மார்ச் 21

காலை எட்டரைக்கே டாக்டர் என் மேஜைக்கு வந்துவிட்டார். வழக்கமாக நான்தான் அவரிடம் போவேன்.

"312 யாரு சார்? நான் பார்க்கவே இல்லையே?"

"நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப வந்தார் மேடம். நானே படம் எடுத்தேன்."

"எங்க அவர்?"

"போயிட்டார்."

"போக விட்டீங்களா? அதைப் பார்த்தா எனக்கு மெலனோமா மாதிரியே இருக்கு. நீங்கதான் பதிஞ்சீங்க, நீங்கதான் அவரைக் கண்டுபிடிக்கணும். இந்த வாரத்துக்குள்ள."

ஆக, முருகனைத் தேடும் பொறுப்பு அலுவல்முறையில் எனக்கே வந்துவிட்டது. ஒரு கோப்பு திறந்தேன்.

மார்ச் 22

நான் தட்டிய எண் சுரண்டைப் பக்கம் கோழிக்கடை வைத்திருப்பவருடையது. டாக்டரே கூப்பிட்டு, காலில் பெரிய நோய் இருக்கலாம், உடனே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் பெயரைக்கூடச் சொல்லாமல் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். மேஜைமேல் இரண்டு காலையும் தூக்கி வைத்து, "நல்லாப் பாருங்கம்மா, பிள்ளகுட்டிக்காரன்" என்று அழுதார். பளிங்கு மாதிரி உள்ளங்கால். எனக்குப் பொறாமையாக இருந்தது.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு கெடைக்கணும் சார், நான் சாமி கும்பிட்டுக்கிடுதேன்" என்றார்.

மார்ச் 26

மேலக்கொத்தனூர் என்று ஒரு ஊர் உண்மையிலேயே இருக்கிறதாம், பதினெட்டு கிலோமீட்டரில். எங்கள் ஆஸ்பத்திரிப் பணியாளர் ஞானப்பழம் தன் பைக்கில் இரண்டு நாள் அலைந்து, அங்கே பதினோரு முருகன்களைக் கண்டுபிடித்துவிட்டார். பதினோரு பேருடைய உள்ளங்காலையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் முதுகில் வெளுத்த, உணர்ச்சியில்லாத படை. தொழுநோயின் ஆரம்பம், மருந்திலேயே குணமாகிவிடும் என்றார் டாக்டர். ஆக, பொய்யாலும் ஒருவருக்கு நல்லது நடந்தது. பதிவு எண் 326.

ஞானப்பழத்துக்கு வெயிலில் மூக்கு உரிந்திருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே டாக்டரைக் கேட்டார்: "அந்த ஆளு கெடைக்கலன்னா என்னம்மா ஆவும்?"

"தோலோட மேல்பக்கம் இருக்கும்போது வெட்டி எடுத்துட்டா பெரும்பாலும் பிழைச்சிடலாம். உள்ள இறங்கிட்டா கஷ்டம் ஞானப்பழம். ஒவ்வொரு வாரமும் கணக்கு."

"பாவம். பொண்டாட்டி பிள்ள இருக்கும்லா?"

என் டீயை நான் குடிக்கவில்லை.

மார்ச் 27

முருகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார் டாக்டர். வாய்க்கு வந்த முகவரிக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஆனாலும் எழுதினேன். என் சர்வீஸில் நான் எழுதிய கடிதங்களில் இதுதான் சிறந்தது. நகலை இங்கே ஒட்டிவைக்கிறேன்.

'ஐயா, தங்கள் இடது குதிகாலில் உள்ள கரும்புள்ளி தொடர்பாக. மேற்படி புள்ளி ஆபத்தானதாக இருக்கக்கூடும் என மருத்துவர் கருதுகிறார். தாங்கள் அதனைச் செருப்புக் கடி என்றோ, யோகம் என்றோ, பருப்பு பொடி என்றோ கருதி வாளாவிருத்தல் கூடாது. தங்களுக்குப் பயமாக இருக்கலாம். அது இயல்பே. ஆயினும் தங்களைத் தேடி ஒருவர் இரண்டு நாள் வெயிலில் அலைந்துள்ளார் என்பதையும், தங்களுக்கு மனைவியும் ஜூலையில் பிறக்கவிருக்கும் பேரப்பிள்ளையும் உள்ளனர் என்பதையும் கவனத்தில் கொண்டு, இக்கடிதம் கண்டவுடன் நேரில் ஆஜராகக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

டாக்டரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 28

ஞானப்பழம் கடிதத்தைக் கொண்டுபோய், மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்தார். 'காலில் புள்ளியுள்ள முருகன் யாரும் இல்லை' என்று உறையின்மேல் எழுதியிருந்தது.

கொடுக்கப்படாத கடிதம் ஒன்று முப்பத்தொரு வருடத்தில் என் மேஜையில் தங்கியதில்லை. தபால் ஒப்படைப்புப் பதிவேட்டை எடுத்தேன். தேதி போட்டேன். பெறுநர்: முருகன். பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுதினேன்: பெற்றுக்கொண்டேன். செ. பூதலிங்கம்.

அப்புறம் டாக்டர் அறைக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலுறையைக் கழற்றினேன்.

டாக்டர் என் காலைத் திருப்பிப் பிடித்தார். விளக்கு வைத்த லென்ஸை வைத்து நிறைய நேரம் பார்த்தார். பிறகுதான் திட்டினார். பேட்டரித் தண்ணீர்க்காரர் வாங்கியது இதில் பாதிகூட இல்லை.

"படத்துல துவரம்பருப்பு இருந்துச்சு. இந்த மாவட்டத்துலயே அளவுக்குப் பருப்பு வைக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான். முதல் நாளே நான் பார்த்திருக்கணும். புள்ளியை மட்டும் பார்த்தேன். நேத்து அந்த லெட்டரைப் படிச்சப்பறம்தான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நீங்களா வரலைன்னா ஞானப்பழத்தை விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லியிருப்பேன்."

வாசலில் ஞானப்பழம் நின்றிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "பதினோரு பேரு காலப் புரட்டுனேன் சார். பக்கத்து மேசையில இருந்திருக்கு" என்றார். பிறகு, "செருப்பப் போடாதீங்க, உறுத்தும்" என்று சொல்லி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 3

சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதில் அதுதான் என்று வந்துவிட்டது. உலகம்மாளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"மொத்தமா எடுக்கணுமா டாக்டரம்மா? ஓரமா ஒரு கடுவு அளவு விட்டு வைக்கக் கூடாதா? சூலையில பயணம் இருக்கு."

டாக்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் மறுபடி சொன்னார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பார்க்க என் தோளில் அடித்தாள். "மூணு வருசமா அத யோகம் யோகம்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. நீங்க படிச்சவியதான, தினமும் அதத்தான தட்டுதிய, ஒங்களுக்குத் தெரியாண்டாமா?" என்று அழுதாள். "யோகமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். நீங்க இருந்தாப் போதும்."

கண்டக்டர் டிக்கெட் கேட்க எங்கள் பக்கம் வரவேயில்லை. இறங்கும்போது நானே கூப்பிட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 17

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. குதிகாலில் வெட்டி எடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நர்ஸிடம் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். என் இன்ஷியல் தப்பு. திருத்திச் சுருக்கொப்பம் போட்டேன். நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 26

ரிசல்ட் வந்தது. ஆழம் அரை மில்லிமீட்டர். வேறெங்கும் பரவவில்லை. டாக்டர் பெனாசீர் போனில் இதை இரண்டு தடவை சொன்னார்.

அரை மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று உலகம்மாள் கேட்டாள். கடுகில் கால் பங்கு என்றேன். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு கடுகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 10

ஊன்றுகோலுடன் வேலைக்கு வந்தேன். 312-ஐத் திறந்தேன். அழிக்க முடியாது. அழிக்கவும் மனமில்லை. விதிப்படி ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினேன். பெயர், ஊர், செல்போன் எண் எல்லாம் என்னுடையது. எத்தனை நாளாக: இரண்டு மாதம் என்பதை அடித்து, மூன்று வருடம். அளவு: துவரம்பருப்பைவிடப் பெரியது. பருப்பில் குறையில்லை. குறிப்பு: முருகன் என்பவர் இல்லை.

கோழிக்கடைக்காரருக்குப் போன் செய்து, அந்த ஆள் கிடைத்துவிட்டான் என்று சொன்னேன். கறி எடுக்க வரச் சொன்னார்.

ஜூன் 24

விசா வந்தது. "மச்சம் போனப்பொறவு வந்திருக்கு பாருங்க" என்றாள் உலகம்மாள். வெள்ளிக்கிழமைதோறும் இப்போது என் இரண்டு உள்ளங்காலையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பரிசோதிக்கிறாள். பெட்டியில் முதலில் வைத்தது என் பருப்பு அட்டையைத்தான்.

ஜூலை 19, தோஹா

பேத்தி பிறந்திருக்கிறாள். வலது முழங்கையில் ஒரு மச்சம். உலகம்மாள் வாயைத் திறக்கு முன், "பிறந்ததிலிருந்து, ஒரே நிறம், விளிம்பு சுத்தம், கடுகு" என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் டாக்டரிடமிருந்து செய்தி. மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்து நர்ஸ், நாற்று நடுகிற ஒரு அம்மாளின் உள்ளங்காலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அதைப் போலவே இருக்கும் பழைய படம் என்று கம்ப்யூட்டர் முதலாவதாகக் காட்டியது 312. அவசரம் என்று சிவப்பும் காட்டியதாம். அந்த அம்மாளை நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். சீக்கிரமே கண்டுபிடித்தாயிற்று என்கிறார் டாக்டர்.

உலகம்மாளிடம் படித்துக் காட்டினேன். கடல் தாண்டி வந்தது நாங்கள் இரண்டு பேர். மச்சம் ஊரிலேயே இருந்து அரசாங்க வேலை பார்க்கிறது. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கொஞ்சம் அழுதாள், நானும்தான்.

பிறகு, அந்த அம்மாளின் செல்போன் எண்ணை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளும்படி டாக்டருக்குப் பதில் போட்டேன்.